ஆறு வருடக் குகைப் பயணங்களில் கைகொடுத்த சாப்பாடு

யாழ்ப்பாணத்திலிருந்து குகை பார்க்கப் போவதென்றால் முதலில் நீண்ட பஸ் பயணம். வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுர ஆனாலும் இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே ஆனாலும் அப்படித்தான். வீட்டில் கட்டிய சாப்பாடு குகை வாசலுக்குப் போய்ச் சேர முன்னமே ஒரு நாள் வெக்கையில் கிடந்துவிடும். ஆறு வருடமாக நாங்கள் ஐந்து பேர் போய் வருகிறோம். எதைக் கட்டுவது என்பதில் இப்போதுதான் எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

முதல் முறை பாணும் சம்பலும் கொண்டு போனோம். சொப்பிங் பையில் சுற்றி முதுகுப் பைக்குள் வைத்தது. இஸ்திரிபுர ஈரமும் சேறும் நிறைந்த குகை. ஓர் இடுக்கில் வயிற்றால் ஊர்ந்து அந்தப் பக்கம் போய்ப் பையைத் திறந்தால், பாண் ஊறிக் களியாகிவிட்டது. சம்பல் புளித்து மணந்தது. விரல் நுனி வரைக்கும் சேறு; கழுவ நல்ல தண்ணீரும் இல்லை. அன்று ஐந்து பேரும் பசியோடுதான் வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகு ருசியைவிட வேறு இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறேன். நசுங்கினாலும் சாப்பிட முடிய வேண்டும். கை படாமல் வாய்க்குள் போக வேண்டும்.

இதற்கு எள்ளுருண்டைக்கு நிகரான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. எள்ளில் ஏறக்குறைய பாதி எடை கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, மாவும் சீனியும் 4 தான். சுமக்கிற பாரத்துக்கு இவ்வளவு பலன் தருகிற பலகாரம் எங்கள் குசினியிலேயே இருக்கிறது. ஒருமுறை அவசரத்தில் கடையில் வாங்கினோம். பழைய எண்ணெயின் சிக்கு மணம், ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பெரியம்மா செய்வது வறுத்த எள்ளும் பனங்கட்டியும் உரலில் போட்டு இடிக்கிற உருண்டை. "எண்ணெய் கையிலை தெரியிற வரைக்கும் இடி பிள்ளை, பிறகு அது தானா ஒட்டும்" என்பார். அவர் சொன்னது போல இடித்தால் உருண்டை உதிராது. ஒரே வாயில் போடக்கூடிய அளவில், நெல்லிக்காய்ப் பருமனுக்கு உருட்டி, எண்ணெய்த்தாளில் ரொபி போல இரண்டு பக்கமும் முறுக்கி வைக்கிறேன். உள்ளே போனதும் ஒரு முறுக்கைப் பல்லால் இழுத்துப் பிரித்து, மற்ற நுனியைத் தாளோடு நெருக்கினால் உருண்டை நேரே வாய்க்குள் வந்து விழும். விரல் அதில் படவே படாது. தாள் மடிந்து பொக்கற்றுக்குள் போய்விடும்.

அடுத்தது பனாட்டு. ஆடி, ஆவணியில் பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டது. தோல் போல வளையும், வெக்கைக்கு உருகாது, நசுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. குகையின் ஈரக்காற்றுப் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டு விரல் அகலத்தில் வெட்டித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். அந்த இலேசான கசப்பு எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு, இனிப்பு திகட்டிப் போகிற நேரத்தில் அதுதான் இறங்கும்.

பருத்தித்துறை வடை அரை மணித்தியாலத்தில் நமத்துவிட்டது. சொக்கிளேற் பஸ்ஸிலேயே உருகியது. வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, நல்ல சாமான், ஆனால் மென்று முடிக்கத் தாகம் எடுக்கும். வெளியே வந்த பிறகு சாப்பிடலாம். உப்புக்கு தோல் நீக்கிய வறுத்த கச்சான் போதும்.

எல்லாம் ஒரு அகன்ற வாய்ப் பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போகும். வட்டமான போத்தல் இடுக்கில் சிக்காமல் உருளும். புதிதாக ஒன்று வாங்கினால் உள்ளே ஒரு கல்லும் கடதாசியும் போட்டு, கயிறு கட்டி, ஓர் இரவு கிணற்றில் இறக்கிவிடுவேன். காலையில் கடதாசி காய்ந்திருந்தால் அது குகைக்குப் போகும்.

வவுல்பனேயில் வௌவால்கள் கணக்கில்லாமல் தொங்கும். பெயரே அதுதானே, சிங்களத்தில் வவுலா என்றால் வௌவால். அதன் எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரல் நோயைத் தரக்கூடும். அதனால் அவை தொங்குகிற இடத்தில் போத்தலைத் திறப்பதில்லை, உள்ளே ஓடுகிற ஓடைத் தண்ணீரைக் குடிப்பதுமில்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் வெளியிலிருந்தே கொண்டு போகிறோம்.

துணுக்கு, தாள், கச்சான் பருப்பு எதையும் உள்ளே விட்டு வருவதில்லை. இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுகம். நாங்கள் குடியிருப்பதே சுண்ணக்கல்லின் மேல். அந்தக் கல்லுக்குள் ஆழமாக இறங்குகிற நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு, மேலே விழுந்தது கீழே எங்கேயோ ஒரு தண்ணீரில் போய்ச் சேரும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொருவரிடமும் இன்னொரு சின்னப் போத்தல் இருக்கும்: நாலு எள்ளுருண்டை, இரண்டு துண்டு பனாட்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புச்சீனித் தூள் ஒரு பக்கற். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டியிருக்கும். மூன்று வருடத்துக்கு முதல் வெளியே மழை பிடித்து ஓடை கலங்கி ஏறியபோது, மேட்டில் ஏறி மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தோம். அன்றுதான் அந்த ரேப்பை முதன்முதலாகப் பிரித்தோம். கடைசி உருண்டையை எங்களில் இளையவனிடம் கொடுத்தோம். அவன் அதைப் பல்லால் பாதியாக்கி, மிச்சத்தைத் தாளோடு என்னிடம் நீட்டினான்.