ஏழு சார்ஜருக்குப் பதில் ஒன்று: எட்டு மாதம் கழித்து

இரண்டாவது தடவை வீடு மாற்றியபோது மேசை டிராயரைக் கவிழ்த்தேன். ஏழு சார்ஜர், பன்னிரண்டு கேபிள். அதில் மூன்று எந்தக் கருவியோடு வந்தவை என்று எனக்கே தெரியவில்லை. துணிமணியையும் புத்தகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்ட பெருமையில் இருந்தவன், இந்த வயர்ச் சிக்கலைப் பார்த்து வெட்கப்பட்டேன். அந்த வாரம் வாங்கியதுதான் இந்த 65 வாட் சார்ஜர். இரண்டு சி போர்ட் (இப்போதைய போன்களில் இருக்கும் சின்ன யூஎஸ்பி), ஒரு ஏ போர்ட் (பழைய அகலமான யூஎஸ்பி). எட்டு மாதமாக என் பையில் இது ஒன்றுதான்.

உள்ளங்கைக்குள் அடங்குகிறது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 118 கிராம். லேப்டாப்போடு வந்த பழைய செங்கல் மாதிரி சார்ஜர், வயரோடு சேர்த்து 340. உள்ளே சிலிக்கானுக்குப் பதிலாகக் கேலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தி போட்டிருப்பதால் வந்த எடைக்குறைப்பு இது. அது மின்சாரத்தை இன்னும் வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும். வேகம் கூடினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தாலே போதும்.

ஆனால் முதல் வாரமே லேப்டாப் 'சார்ஜ் மெதுவாக ஏறுகிறது' என்று புலம்பியது. சார்ஜரைத் திட்டினேன். குற்றவாளி கேபிள். 65 வாட் என்றால் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் போக வேண்டும். சாதாரண சி கேபிளுக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு, அதாவது 60 வாட். அதைத் தாண்ட, 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சார்ஜரிடம் சொல்லும் குட்டிச் சிப் ஒன்று கேபிளிலேயே இருக்க வேண்டும். டப்பாவில் அந்த மாதிரிக் கேபிளை வைக்காதது கஞ்சத்தனம். தனியாக வாங்கினேன்.

அடுத்தது டிரிம்மர். பார்த்தால் சி போர்ட்தான். இரு முனையும் சி ஆக உள்ள கேபிளைச் செருகினால் உயிரே வராது. டிரிம்மருக்குள் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (குட்டி மின்தடை) வைத்திருந்தால், மறுமுனையில் ஒரு கருவி இருப்பது சார்ஜருக்குத் தெரிந்திருக்கும். சில்லறைக் காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். ஏ போர்ட் இதையெல்லாம் விசாரிக்காது, எப்போதும் 5 வோல்ட் கொடுக்கும். ஆக, தாடிக்காகவே ஒரு முனையில் ஏ, மறுமுனையில் சி உள்ள கேபிள் ஒன்றைச் சுமக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றுக்கும் சி போர்ட் கட்டாயம். டிரிம்மர் அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்மார்ட் வாட்ச்சும் இல்லை, அதைச் சார்ஜ் செய்யும் காந்தவட்டு தனியாக இன்னும் கூடவே வருகிறது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தந்தது வேறு. ஒரு நாள் சின்ன வைஃபை ரவுட்டரை இதிலேயே செருகிவிட்டு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் அதையும் செருகினேன். ரவுட்டர் அணைந்து, மறுபடி உயிர்பெற்று வர இரண்டு நிமிஷம். அதுவரை காற்றோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். புதிதாக ஒன்றைச் செருகும்போதெல்லாம் இது எல்லாருக்கும் ஒரு நொடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மறுபடி பங்கு பிரிக்கிறது: லேப்டாப்புக்கு 45, போனுக்கு 20 வாட். பேட்டரி உள்ள கருவிகளுக்கு இது தெரியாது. பேட்டரி இல்லாத எதையும் இதில் மாட்டாதீர்கள்.

சூடு? ஆகும். மூன்று போர்ட்டும் ஓடும்போது தொட்டால் கை சட்டென்று விலகும். மெத்தை மேல் போட மாட்டேன்.

லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங், கேம் என்று இருப்பவர்களுக்கு 65 வாட் பற்றாது. எழுத்து வேலை, ஒரு போன், ஒரு இயர்பட்ஸ் என்று இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், 5 ஆம்பியர் கேபிளோடு சேர்த்து.

பழைய சார்ஜர்களில் ஆறு மின்குப்பைக்குப் போயின. லேப்டாப் செங்கலையும் போடத்தான் இருந்தேன். "இது ஒண்ணு புகைஞ்சா உன் எல்லாமே படுத்துடுமேடா?" என்றாள் அக்கா. பதில் இல்லை. செங்கல் இப்போது அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.