அனிலிஸ்ட்: பெயர் மூன்று, பொருள் ஒன்றும் இல்லை

பார்த்த அனிமேக்களை, அதாவது ஜப்பானிய அசைபடங்களை, குறித்துவைக்கும் அனிலிஸ்ட் தளத்தில் ஒரு தொடருக்கு மூன்று தலைப்புகள் இருக்கும்: ஜப்பானிய எழுத்தில் ஒன்று, அதே ஒலியை ரோமன் எழுத்தில் தரும் ரோமாஜி, அப்புறம் ஆங்கிலம். எது கண்ணில் படவேண்டும் என்பதை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ரோமாஜியில் வைப்பதே நல்லது. அங்கே 'ஆங்கிலம்' என்றிருப்பது பெரும்பாலும் உரிமம் பெற்றவர்கள் விற்பனைக்கு வைத்த பெயர். மொழிபெயர்ப்பு என்று நம்பிப் படித்தால் ஏமாற்றம்தான்.

'ஷிங்கெகி நோ கியோஜின்' (2013) என்றால் முன்னேறித் தாக்க வரும் ராட்சதன். ஆங்கிலத்தில் 'அட்டாக் ஆன் டைட்டன்'. அதாவது ராட்சதன் மேல் தாக்குதல். அடிக்கிறவன் அடிவாங்குகிறவன் ஆகிவிட்டான். இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. கதையில் பின்னால் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்) இதே சொற்கள் ஒரு குறிப்பிட்ட ராட்சதனின் பெயராக வந்து விழும். ஜப்பானியருக்கு அந்த இடத்தில் தலைப்பு பளிச்சென்று திறக்கும். ஆங்கிலத்திலோ அவன் 'அட்டாக் டைட்டன்'; தலைப்பும் பெயரும் பொருந்தாமல் நிற்கின்றன.

'சென் தோ சிஹிரோ நோ காமிகாகுஷி' (2001) படத்துக்குப் பாதி மதிப்பெண் தரலாம். காமிகாகுஷி என்பது ஆள் திடீரென மறைந்தால் தெய்வம் ஒளித்துவைத்தது என்று சொல்லும் வழக்கு. 'ஸ்பிரிட்டட் அவே' அதை அழகாகப் பிடித்துவிட்டது. ஆனால் சிஹிரோவின் பெயரெழுத்துகளைச் சூனியக்காரி பறித்து, மிஞ்சிய ஒன்றை 'சென்' என்று கூப்பிடும் திருட்டு ஜப்பானியத் தலைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் போச்சு.

'கிமி நோ நா வா' (2016) நமக்குச் சுலபம். அந்த 'வா', "உன் பேர் வந்து…" என்று நாம் இழுப்போமே, அந்த 'வந்து'. 'யுவர் நேம்' என்றதும் இழுவை அறுந்துவிடுகிறது. முற்றுப்புள்ளியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

'சோசோ நோ ஃப்ரீரன்' (2023) இன்னும் சிக்கல். சோசோ என்றால் இறந்தவரை வழியனுப்புவது. நாயகி ஃப்ரீரன் தோழர்களை வழியனுப்புகிறவள், அரக்கர்களைக் குழிக்கு அனுப்புகிறவள் என இரண்டும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் அவள் பெயருக்குப் பின்னால் வரும் 'பியாண்ட் ஜர்னிஸ் எண்ட்' கேட்க இதம்தான், சாவு வாடையே இல்லை.

இவ்வளவையும் அனிலிஸ்ட் சொல்லாது. நேர்ப்பொருளுக்கென்று ஒரு வரி சேர்த்தால் போதும், சேர்க்கவில்லை.

ரோமாஜியில் தேடும்போது நெடில்தான் காலை வாரும். நெடில் ஓவை ஓ-யூ என்று இரண்டெழுத்தாகவும் எழுதுவார்கள், ஒரே ஓ-வாகவும் எழுதுவார்கள். இரண்டாம் வேற்றுமைக்கான 'ஓ' சில இடங்களில் 'வோ'. ஒன்று அகப்படாவிட்டால் மற்றதைத் தட்டிப் பாருங்கள். வாக்கியம் நீளத்துக்குப் பெயர் உள்ள தொடர்களுக்கு 'அனோஹனா' மாதிரிச் சுருக்கமே போதும். ஆங்கில உரிமம் இல்லாத தொடர்களில் ஆங்கிலக் கட்டம் பெரும்பாலும் காலி. அங்கே ரோமாஜியே தலைகாட்டும் என்பதால், ஆங்கிலத்தில் வைத்தவர்களின் பட்டியல் எப்படியும் கலவையாகத்தான் இருக்கும்.