லிஃப்ட் செய்த வி-கிராஸா, கம்பெனி நிலையில் உள்ள ஹைலக்ஸா?

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர்களுக்கு நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப் ஆடம்பரப் பொருளன்று. காப்பிப் பழம் சிவக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. தார்ச்சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை அந்த மாதங்களில் சேறாகக் குழைந்து கிடக்கும். ஆனாலும் பறித்த பழம் அன்றைக்கே தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்காக நான் பல ஆண்டுகள் ஓட்டியது 2016-ஆம் ஆண்டு மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட், சேற்றிலும் கல்லிலும் பிடிக்கும் பெரிய ஆல்-டெரெய்ன் டயர், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நார்க்கல் என்று படிப்படியாக மாற்றியமைக்கப்பட்ட வண்டி அது. அதைக் கொடுத்துவிட்டு, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். என் சாய்வு ஹைலக்ஸின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்த ஒப்பீடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். வி-கிராஸ் 2016-இல் வந்தபோது அதில் இருந்தது 2.5 லிட்டர் டீசல் என்ஜின்; முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர், கியர் ஐந்து, ஏர்பேக் இரண்டு. ஹைலக்ஸில் இருப்பது ஃபார்ச்சூனரில் நாம் பார்த்துப் பழகிய அதே 2.8 லிட்டர் என்ஜின். 204 குதிரைத்திறன், மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், ஏர்பேக் ஏழு. நீளத்தில் ஹைலக்ஸ் வெறும் 30 மில்லிமீட்டர் கூடுதல், ஆகையால் வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆற்றலும் பாதுகாப்பும் எந்தப் பக்கம் என்பதில் விவாதமே இல்லை. ஆனால், 2016-இல் சென்னை ஷோரூம் விலை 12.49 லட்சத்தில் அறிமுகமான வண்டியையும் 2022-இல் 33.99 லட்சத்தில் அறிமுகமான வண்டியையும் இந்த எண்களை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. சுமை ஏற்றுவது மட்டுமே வேலை என்றால் போலேரோ கேம்பர், டாடா யோதா ஆகியவற்றின் நான்கு சக்கர இயக்க வகைகளே போதும். குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மதுரை, சென்னை என்று அதே வண்டியில் போக வேண்டும் என்பதால் அவற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மாற்றியமைத்த வண்டி அடிக்கடி பழுதாகும் என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மையன்று. ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும்; அந்தத் தொடர் எங்கே போய் முடிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

லிஃப்டையே எடுத்துக்கொள்வோம். வி-கிராஸின் முன்பக்கம், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சுயேச்சையான சஸ்பென்ஷன் கொண்டது. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டு முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினால், சேஸிஸ் மேலே போகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் ஷாஃப்ட் அதுவரை ஏறத்தாழக் கிடையாக இருந்தது, இப்போது கீழ்நோக்கிச் சாய்ந்தபடி சுழல வேண்டியிருக்கிறது. அதன் முனையில், சாய்ந்தபடியே சுழல இடந்தரும் சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள், சாய்வின் உட்புறத்தில் ஒன்றோடொன்று நெருங்கி உரசத் தொடங்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட்டுகள் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டுதான் இருக்கும் என்பதால், நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தத் தேய்மானக் கணக்கில் ஏறுகிறது. ரிம்மின் உட்புறத்தில் விசிறியடித்தாற்போல் கரிய கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்தால் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றினால் பூட்டோடு போகும். சேற்று மணல் உள்ளே புகுந்த பிறகு பார்த்தால், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டக்டக்கென்ற ஓசை கேட்கும்; அதற்குப் பிறகு ஜாயின்ட்டையே மாற்றாமல் வழியில்லை.

சாய்வைக் குறைக்க, இரு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பிரித்துக்கொடுக்கும் முன் டிஃபரென்ஷியலைச் சற்றுக் கீழே இறக்கும் கிட் உண்டு. அதைப் போட்டால் அடிப்பக்கத் தகட்டை மறுபடி பொருத்த வேண்டும். இன்னொரு புறம், தூக்கிய உயரத்தில் வீல் அலைன்மென்ட்டைக் கம்பெனி சொன்ன கோணங்களுக்குக் கொண்டுவர, சக்கரத்தை மேற்புறம் பிடித்திருக்கும் பழைய அப்பர் ஆர்மில் போதிய இடமிருக்காது. நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நில்லாமல் அலைபாயும், முன் டயரின் ஓரம் மட்டும் தேயும். அதற்கென்று தனியாகச் செய்த அப்பர் ஆர்ம் வாங்க வேண்டும். அதன் பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைப்பதில்லை. வரவழைக்கும் வரையில் வண்டி பட்டறையிலேயே நிற்கும். காப்பி பறிக்கும் பருவத்தில் வண்டி பட்டறையில் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தோட்டக்காரர்களுக்கு விளங்கும்.

டயரின் கதையும் இப்படியே. 245/70 ஆர்16 அளவிலிருந்து 265/75 ஆர்16 அளவுக்கு ஏறினால், விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804 மில்லிமீட்டராகிறது. அதாவது ஏழு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். கல்லில் முதலில் தட்டுவது பின் ஆக்ஸிலின் குண்டுப் பகுதி. அதை லிஃப்ட் கிட் ஒரு மயிரிழைகூட உயர்த்துவதில்லை. பெரிய டயர் மட்டுமே உயர்த்துகிறது. அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவு, ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். அந்த 27 மில்லிமீட்டர் எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது, அதை மறுக்கமாட்டேன். அதற்கு நாம் கொடுக்கும் விலை, எல்லாக் கியர்களும் அதே ஏழு விழுக்காடு நீண்டுவிடுவது. ஈரப் பழ மூட்டைகளோடு மேட்டில் நின்று கிளம்பும்போது, அந்தக் கூடுதல் பாரத்தை கிளட்ச் சுமக்கிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ஐ ஒட்டி ஓடுகிறது. இரும்பு பம்பரும் வின்ச்சும் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்கும் எடை. அதைத் தாங்க இன்னும் கடினமான ஸ்பிரிங், கடினமான ஸ்பிரிங்கால் வீல் பேரிங்குக்கு இன்னும் அதிக அடி. இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக வண்டியைக் கெடுப்பதில்லை. எல்லாம் சேரும்போது, கம்பெனியின் சர்வீஸ் அட்டவணை அந்த வண்டிக்குப் பொருந்தாததாகிவிடுகிறது. எது எப்போது தேயும் என்பதை உரிமையாளரே தன் கையால் தடவிப் பார்த்து அறிய வேண்டும்; அந்த வண்டியைப் பழகிய ஒரே மெக்கானிக் ஊரில் இல்லையென்றால் வேலை நின்றுவிடும்.

இத்தனை மாற்றங்களும் எதற்காகச் செய்யப்பட்டன என்று யோசித்தபோதுதான் ஹைலக்ஸின் சிறப்பு எனக்குத் தெளிவானது. எங்கள் பாதையில் மழைநீர் குறுக்காக அறுத்துப்போன பள்ளங்கள் பல உண்டு. அதில் சாய்வாக இறங்கும்போது, ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின் சக்கரமும் ஒரே சமயத்தில் பிடிப்பை இழக்கின்றன. லாக் இல்லாத டிஃபரென்ஷியல் தூக்கிய சக்கரத்தை வீணாகச் சுழற்றும். தரையில் ஊன்றிய சக்கரம் அசையாது. இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகவே சுழல வைக்கும் பின் டிஃப் லாக் என் வி-கிராஸில் இல்லை. ஆகவே சக்கரம் அந்தரத்தில் தொங்காமல் பார்த்துக்கொள்ள உயரமும் பெரிய டயரும் தேவைப்பட்டன, அதற்கும் மிஞ்சினால் மரத்தைப் பிடித்து இழுக்க வின்ச் தேவைப்பட்டது. ஹைலக்ஸில் பின் டிஃப் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதே பள்ளத்தில், நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்வேக நிலையான ஃபோர்-லோவில் லாக்கின் சுவிட்சை அழுத்தி, டேஷ்போர்டில் விளக்கு மின்னி நிலைத்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால், ஊன்றிய சக்கரம் வண்டியைத் தள்ளிவிடுகிறது. பட்டறையில் பல மாற்றங்களால் பெற்றதை இங்கே ஒரே பாகம் செய்கிறது; அதன் தேய்மானத்துக்கு டொயோட்டாவே கணக்கு வைத்திருக்கிறது. ஃபார்ச்சூனர் பல ஆண்டுகளாக ஓடும் ஊர்களில் இந்த என்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

சட்டத்தையும் பேசாமல் விடமுடியாது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. முன்பக்கத்தில் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டங்களான புல்பார்களைப் பொறுத்தவரை, 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மலைக்குள் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஆறுதலாகாது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் வண்டியைப் பார்த்தே தீர வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரும் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டுக்கு முட்டுக்கட்டையாகலாம்.

விற்கும்போது மாற்றங்களுக்கு ஈடாகக் காசு திரும்புவதில்லை என்பது உண்மை, எனினும் அதைக் குறைக்க வழியுண்டு. பழைய கார் வாங்கும் நிறுவனங்கள் லிஃப்ட் செய்த வண்டியை அந்நிலையிலேயே எடுக்கத் தயங்குகின்றன. எடுத்தாலும் மாற்றங்களுக்கு மதிப்புப் போடுவதில்லை. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், பம்பர், ரிம் ஆகியவற்றைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றை மீண்டும் பொருத்தி வண்டியைத் தனியாகவும், வின்ச், இரும்பு பம்பர், டயர் ஆகியவற்றை அவற்றைத் தேடுபவர்களிடம் தனித்தனியாகவும் விற்றது நல்ல பலன் தந்தது. ஸ்நார்க்கலை மட்டும் அப்படிக் கழற்றிவிட முடியாது. அதற்காக ஃபெண்டரில் அறுத்த துளை அப்படியே நிற்கும், புது ஃபெண்டர் போட்டு வண்ணமடிக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் பக்கத்தில் பெரிய சுமை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. முப்பது லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் ஆறு லட்சம். புது ஹைலக்ஸை நான் ஒதுக்கியதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் வரி கட்டிப் பதிவான பழைய வண்டியில் அந்தச் சுமை முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது. கேரளாவிலும் கர்நாடகத்திலும் பழைய ஹைலக்ஸ்கள் மலிவாகக் கிடைப்பதுபோல் தோன்றும், அந்த மாநிலத்தின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி இங்கே பதிவு மாற்றும்போது வண்டியின் வயதுக்கேற்ற வரியை மறுபடி கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வி-கிராஸின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. அது பி.எஸ்.4 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிக் காலத்து எளிய என்ஜின். அதைவிடக் கடுமையான பி.எஸ்.6 விதிக்கு உட்பட்ட டீசலான ஹைலக்ஸில் புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். உண்டு, அதில் சேர்ந்த கரி எரிந்து தீர, புகைக்குழாய் நன்றாகச் சூடேறும்படி வண்டி சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே முதல் இரண்டு கியர்களில் ஊர்ந்து நிறுத்தும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. நான் அடிக்கடி மலையிறங்கி நெடுஞ்சாலையில் மதுரை வரை போய்வருவதால் இதுவரை எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஆயினும் என் கையில் ஹைலக்ஸ் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம். ஆண்டுக்கணக்கில் ஓடிய பிறகு டி.பி.எஃப். எப்படியிருக்கும் என்பதற்கு என் அனுபவத்தைச் சாட்சியாக யாரும் கொள்ள வேண்டாம். சுமையில்லாமல் போகும்போது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தூக்கிப்போடுவது இரண்டிலும் உண்டு. ஹைலக்ஸில் அது குறைவு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

எனவே வண்டி தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாது, பட்டறை வேலை தெரிந்த கை வீட்டிலேயே இருக்கிறது, லிஃப்டும் டயரும் ஏற்கெனவே போட்டு முடித்தாயிற்று என்றால், வி-கிராஸை விற்காதீர்கள் என்றே சொல்வேன். அந்தப் பணத்துக்கு அவ்வளவு ஏறும் வேறு வண்டி கிடைக்காது. மலைப்பாதையும் நெடுஞ்சாலையும் ஏறத்தாழச் சரிபாதி, வண்டியைக் கண்காணிக்க ஆளில்லை என்பவர்கள் ஹைலக்ஸைத் தேடலாம். வாங்குமுன் ஃபோர்-லோவும் டிஃப் லாக்கும் ஈர மண்ணில் வேலை செய்கின்றனவா என்று ஓட்டிப் பாருங்கள். நகரத்தில் மட்டுமே ஓடிய வண்டிகளில் அவை ஆண்டுக்கணக்கில் தொடப்படாமலே இருந்திருக்கும். என் ஹைலக்ஸில் நான் மாற்றியது டயர் மட்டும். அதுவும் கம்பெனி சொன்ன 265/60 ஆர்18 அளவிலேயே, சேற்றுக்கு ஏற்ற ஆல்-டெரெய்ன் வகை.