அடிபட்ட காலுக்கு காலாங் ஸ்டேடியம் வளையம்தான் சரி, என் ரிவியூ

சிங்கப்பூர் காலாங்ல இருக்குற நேஷனல் ஸ்டேடியத்தை சுத்தி கூரைக்கு அடியில ஒரு ஓட்டப்பாதை இருக்கு இல்லையா, 100பிளஸ் புரோமனாட்னு பேரு, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை அங்கதான் மொத தடவையா 15 கிலோமீட்டர் ஓடி முடிச்சேன், கால் நல்லா இருந்த காலத்துலயே நான் 10ஐ தாண்டினது இல்ல, அதனால சந்தோஷம் ஆறிப்போறதுக்குள்ள எழுதிடுறேன்.

தெரியாதவங்களுக்கு, ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கினா பக்கத்துலயே, காசு கிடையாது, புக்கிங் கிடையாது. ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 900 மீட்டர், அப்போ 10 கிலோமீட்டருக்கு 11 ரவுண்டும் கொஞ்சமும். 2014ல தொறந்த ஸ்டேடியம், அந்தக் குவிமாடம் மட்டுமே 310 மீட்டர் அகலம், அதோட ஓரத்துலதான் நாம சுத்துறோம். பழைய ஸ்டேடியத்துல மலேசியா கப் ஃபுட்பால் பாத்த அங்கிள்மாருங்க இப்ப இங்க காலையில கையை வீசி நடக்குறாங்க, அவங்க பேச்சைக் காதுல வாங்கிக்கிட்டு ஓடுறதே ஒரு பொழுதுபோக்கு.

எனக்குப் போனது அக்கிலிஸ், குதிகாலுக்கு மேல தடியா இருக்குற தசைநாண். காலையில கட்டிலை விட்டு எறங்கினா மொத பத்து அடி நொண்டி நொண்டித்தான். பிசியோ அக்கா குடுத்தது ஸ்வீடன்காரர் அல்ஃபிரட்சன் 1998ல எழுதின பயிற்சி, படிக்கட்டு ஓரத்துல முன்பாதத்தை வச்சுக்கிட்டு குதிகாலை மெதுவா கீழ எறக்கணும், முட்டியை நீட்டி 15 வீதம் மூணு செட், லேசா மடக்கி மூணு செட், காலையும் சாயங்காலமும், 12 வாரம். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 180. எங்க பிளாக் படிக்கட்டுல நின்னு இதைச் செய்யறப்போ மேல் மாடி ஆன்ட்டி "என்ன தம்பி, லிஃப்டு கெட்டுப்போச்சா"ன்னு தெனமும் கேப்பாங்க.

அப்புறம் ஓட ஆரம்பிக்கலாம்னு அக்கா சொன்னப்போ ரெண்டு கண்டிஷன், ஏத்தம் இருக்குற பாதை இப்போதைக்கு வேணாம், ஏத்தத்துல பாதம் மேல் நோக்கி மடங்குறதால அந்தத் தசைநாண் ரொம்ப இழுபடும், அப்புறம் எப்ப வேணும்னாலும் நிறுத்துற மாதிரி இடமா பாரு. இந்த ரெண்டாவதுதான் விஷயமே. பழைய ரயில் பாதையை நடைபாதையா மாத்தின ரயில் காரிடார் அழகுதான், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல கடல்காத்து வரும்தான், ஆனா அங்க ஆறாவது கிலோமீட்டர்ல கால் இழுத்துச்சுன்னா திரும்பி வர்ற ஆறு கிலோமீட்டரை யாரு நடக்குறது? மனசும் சும்மா இருக்காது, இவ்ளோ தூரம் வந்துட்டோமே இன்னும் கொஞ்சம்னு சொல்லும். இங்க எந்த எடத்துல நின்னாலும் எம்ஆர்டிக்கு ஒரு ரவுண்டுக்கு மேல தூரம் கிடையாது. ஒரு ரவுண்டு ஓடு, ஒரு ரவுண்டு நட, வாட்சைப் பாக்கவே தேவையில்ல, அப்புறம் ரெண்டு ஓடு ஒண்ணு நட, இப்படியேதான் ஏத்திக்கிட்டு வந்தேன், மறுநாள் காலையில இறுக்கம் கூடியிருந்தா அடுத்த வாரம் ஒரு ரவுண்டு கம்மி.

மழை பேஞ்சாலும் பிளான் கெடாது, நம்மூரு மழை எப்ப கொட்டும்னு யாருக்குத் தெரியும், வாரத்துக்கு மூணு நாள்னு ஒழுங்கா ஓட வேண்டியவனுக்கு இந்தக் கூரை பெரிய விஷயம். வெயிலும் நேரா மண்டையில எறங்காது. ஆனா புழுக்கம் புழுக்கம்தான், கூரை போட்டா ஈரப்பதம் கொறஞ்சிடுமா என்ன, தண்ணி கொண்டு போங்க.

கொறைன்னா, தரை கெட்டி, ஸ்கூல் ஸ்டேடியத்துல இருக்குற ரப்பர் டிராக் மாதிரி நெனச்சுப் போகாதீங்க, நல்ல குஷன் இருக்குற ஷூ அவசியம். அவ்ளோ பெரிய கூரைக்கு அடியில ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது, ரவுண்டை வச்சு எண்ணிக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஒரே பக்கமா வளைஞ்சுக்கிட்டே இருந்தா ஒரு காலுக்கு வேலை ஜாஸ்தின்னு எனக்குப் பட்டுச்சு, கூட்டம் இல்லாதப்போ திசையை மாத்திக்கிறேன். சாயங்காலம் குடும்பம் குட்டியோட வர்றவங்க, செல்ஃபி எடுக்குறவங்க எல்லாம் அதே வளையத்துலதான், வேகமா ஓடணும்னா விடியக்காலை வாங்க.

முக்கியமானது கச்சேரி, மேட்ச் நாளு. அப்ப பாதையை அடைச்சிடுவாங்க. 2024 மார்ச்ல டெய்லர் ஸ்விஃப்ட் மட்டுமே ஆறு ராத்திரி பாடினாங்க, அந்த மாதிரி வாரம் வந்தா இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க வேணாம், கெளம்புறதுக்கு முன்னாடி நிகழ்ச்சிப் பட்டியலை ஒரு தடவை பாத்துடுங்க.

ஓடி முடிச்சா சாப்பாடு? அடுத்த ஸ்டேஷன் மவுண்ட்பேட்டன், அங்கேருந்து ஓல்டு ஏர்போர்ட் ரோடு ஹாக்கர் சென்டருக்கு நடந்துடலாம். நான் நேரா லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா போய் தோசையை முடிச்சேன், 15க்கு அதுதான் மரியாதை.

என் மார்க் 5க்கு 4, அந்த ஒண்ணு தரைக்கும் கச்சேரிக்கும் சேத்துக் கொறைச்சது. அடுத்தது 21 கிலோமீட்டர், பிசியோ அக்கா இன்னும் தலையாட்டல. ஆட்டினாலும் இங்கயே 23 ரவுண்டுக்கு மேல சுத்த எனக்குத் தெம்பு இல்ல, பாதி இங்க ஓடிட்டு மீதிக்கு தஞ்சோங் ரூ பாலத்தைத் தாண்டி மரினா பராஜ் பக்கம் போலாம்னு இருக்கேன், அந்த வழி தெரிஞ்சவங்க தண்ணி பிடிக்க எங்கெங்க எடம் இருக்குன்னு சொல்லுங்க.