வழுவை யாரிடம் சொல்வது: வழங்கலிடமா, மூலத் திட்டத்திடமா?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு நிரல் முறிந்து விழுந்தால், அந்த வழுவை, அதாவது நிரல் பிழையை, பதிவு செய்ய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, நிரலை நிறுவத் தயாரான பொதியாக்கித் தந்த வழங்கல்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவை. மற்றொன்று, நிரலை எழுதும் மூலத் திட்டம்: கேடிஇ, க்னோம் (டெஸ்க்டாப் சூழல்கள்), மெசா (வரைகலை நிரல்தொகுப்பு), கெர்னல் (இயங்குதளத்தின் கரு). "எதுவானாலும் நேராக மூலத் திட்டத்துக்கே போங்கள்" என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பு எவ்வளவு பழையது என்பதைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெபியன் 12-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் வெளியான அதில் இருப்பது கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 5.27. 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்துவிட்டது. அதன் பிறகு 5.27-இல் பணிப்பட்டை மறைகிறது என்று கேடிஇயின் வழுப் பதிவுத் தளமான பக்சில்லாவில் எழுதினால், புதிய பதிப்பில் சோதித்துப் பார்க்கச் சொல்லும் பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதை அலட்சியம் என்று எண்ணக் கூடாது. அவர்கள் இன்று திருத்திக்கொண்டிருக்கும் நிரல் வேறு, உங்களிடம் ஓடும் நிரல் வேறு. புதிய பதிப்பில் ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட ஒன்றைப் பழைய பொதிக்குள் கொண்டுவர வேண்டியவர் டெபியனின் பராமரிப்பாளர். எனவே புகாரும் அவரிடமே போக வேண்டும். ஆர்ச் லினக்ஸில் நிலைமை நேர்மாறானது. அங்கே மூலநிரலைப் பெரிதாக மாற்றாமல், புதிய பதிப்பையே பொதியாக்குகிறார்கள். பொதியாக்கத்தில் கோளாறு இல்லையென்றால் மூலத் திட்டமே சரியான இடம்.

எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியாதபோது, புதிய வழங்கல் ஒன்றை யுஎஸ்பி வழியாக நிறுவாமலே இயக்கி அதே செயலைச் செய்து பாருங்கள். அங்கேயும் முறிந்தால் மூலத் திட்டத்திடம் தயக்கமில்லாமல் போகலாம். முறியவில்லையென்றால் வழங்கலிடம் சொல்ல வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு செயலிதான் பிரச்சினை என்றால் எந்த வழங்கலிலும் ஓடக்கூடிய அதன் ஃபிளாட்பேக் பதிப்பை ஓட்டிப் பார்ப்பது இன்னும் எளிது. ஆனால் ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய துணை நிரல்களான நிரலகங்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. அதில் வழு காணாமல் போனால், குற்றம் செயலியின் பழைய பதிப்பிலா, கணினியில் உள்ள வேறொரு நிரலகத்திலா என்பது அப்போதும் தெளிவாகாது. கண்டதை மட்டும் எழுதுங்கள். காரணத்தை நீங்களே தீர்மானித்து எழுத வேண்டாம்.

பதிவு செய்யும் கருவிகளில் என் விருப்பம் டெபியனின் ரிப்போர்ட்பக். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. எல்லாம் மின்னஞ்சல் வழியாகவே நடக்கிறது. பொதியின் பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், கெர்னல் விவரம் ஆகியவற்றைத் தானே சேர்த்துக்கொள்கிறது. அதே பொதிக்கு ஏற்கெனவே பதிவான வழுக்களையும் முதலில் காட்டிவிடுகிறது. நீங்கள் எழுதுவதோடு உங்கள் மின்னஞ்சல் முகவரியும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேடிஇயின் டாக்டர் கான்கி முறிவு நேர்ந்த கணத்திலேயே எழுந்து, செயல்கூறுகள் எந்த வரிசையில் அழைக்கப்பட்டன என்று காட்டும் பேக்டிரேஸை எடுத்துத் தருவதால், முறிவுகளைப் பொறுத்தவரை அது இன்னும் கூர்மையானது. உபுண்டுவின் முறிவறிக்கைக் கருவியான அப்போர்ட் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைத் தருகிறது. நிலையான வெளியீடுகளில் முறிவுச் சாளரம் தோன்றி நீங்கள் அனுப்பச் சம்மதித்தால், அது வழக்கமாக உபுண்டுவின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் ஒரு வழுவாகப் பதிவாவதில்லை. முறிவுகளைத் தொகுக்கும் தனி வழங்கிக்குப் போகிறது. யாரும் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கப் போவதில்லை. பதில் வேண்டுமென்றால் முனையத்தில் உபுண்டு-பக் கட்டளையைப் பொதியின் பெயரோடு கொடுத்து, நீங்களே வழுவைப் பதிய வேண்டும்.

கெர்னல் தனி உலகம். வழங்கல் மாற்றியமைத்த கெர்னலைப் பற்றிய புகாரை மூல நிரலாளர்கள் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். என்விடியாவின் மூடிய இயக்கியை ஏற்றியிருந்தாலும் அதே கதைதான். கெர்னல் தன்னையே டெயின்டட் (மாசுபட்டது) என்று குறித்துக்கொள்ளும். எனவே முதலில் வழங்கலிடம் சொல்வதே பெரும்பாலானோருக்கு ஏற்றது. விதிவிலக்கு ஒன்று உண்டு: முந்தைய பதிப்பில் வேலை செய்தது புதியதில் உடைந்திருந்தால், மாற்றப்படாத கெர்னலைத் தொகுத்து கிட் பைசெக்ட் என்ற தேடலைச் செய்யப் பொறுமை இருப்பவர் நேராக மூலத்துக்கே போகலாம். ஒரு வெளியீட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 14 சோதனைகளில் குற்றவாளியான மாற்றம் அகப்பட்டுவிடும். அப்படி வரும் புகாரை அங்கே மதித்துப் படிப்பார்கள்.

எங்கே பதிந்தாலும் சான்று ஒன்றுதான். கணினி உறைந்து மறுதுவக்கம் செய்தவர்கள் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய துவக்கத்தின் பதிவுகளைக் கேட்க வேண்டும். இப்போதைய துவக்கத்தின் பதிவில் உறைந்த கணம் இருக்காது. நிரல் முறிந்ததென்றால், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி சேமித்து வைத்த கோர் டம்ப்பை (முறிந்த கணத்தின் நினைவகப் படியை) கோர்டம்ப்சிடிஎல் கட்டளை காட்டும். அதிலிருந்து ஜிடிபி என்ற பிழைதிருத்திக் கருவி மூலம் எடுக்கும் பேக்டிரேஸில் வெறும் கேள்விக்குறிகள் நிறைந்திருந்தால் அதை அனுப்பிப் பயனில்லை. டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகியவை, அந்தக் கேள்விக்குறிகளின் இடத்தில் வர வேண்டிய பெயர்களைத் தரும் டீபக்இன்ஃபோடி வழங்கிகளை நடத்துகின்றன. ஜிடிபி அவற்றிலிருந்து வேண்டிய குறியீட்டுத் தகவலைத் தானே இறக்கிக்கொள்ளும். கோர் டம்ப் கோப்பை மட்டும் பொதுவில் இணைக்காதீர்கள். நிரலின் நினைவகத்தில் இருந்தவை அதில் இருக்கின்றன, கடவுச்சொல்கூட இருக்கலாம்.

ஃபெடோராவில் பதிகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்கள்தான். அது முடிந்ததும் அந்தப் பதிப்பின் பெயரில் திறந்திருக்கும் வழுக்கள் மொத்தமாக மூடப்படும். மூடுவதற்கு முன் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். அப்போது புதிய வெளியீட்டில் சோதித்து, வழு இன்னும் இருந்தால் பதிவில் பதிப்பு எண்ணை மாற்றிவிடுங்கள். மூலத் திட்டத்திலும் பதிந்திருந்தால் அதன் இணைப்பை அங்கேயே சேர்த்துவிட்டால், திருத்தம் வந்த நாளில் பராமரிப்பாளர் அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.