அப்பா போன் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் வகுப்பு

போன வாரம் பேர்ணாம்பட்டுப் பக்கம் வேலை பார்க்கும் தோழி கூப்பிட்டாள். இந்த வருடம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டுக்கும் விலங்கியல் அவள் தலையில். "அக்கா, பசங்களை வச்சு போன்ல விவாதம் நடத்துனீங்களே, அதை இன்னும் வச்சிருக்கீங்களா, தூக்கிட்டீங்களா? நானும் ஆரம்பிக்கலாமா?" என்றாள். மூன்று முறை தூக்கியிருக்கிறேன், நான்கு முறை ஆரம்பித்திருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குழுவை எப்படித் தொடங்குவது, பெற்றோரிடம் என்ன சொல்வது, யாரை நிர்வாகியாகப் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். எந்தச் செயலி என்பதும் பெரிய விஷயமில்லை. இதுவரை மூன்று மாற்றிவிட்டேன், மூன்றிலும் எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்தான். எங்களுடையது வேலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி. உயிரியல் பிரிவில் வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள், முன்னே பின்னே. திங்களும் வியாழனும் சாயங்காலம் ஒரு கேள்வி போடுவேன். அடுத்த கேள்வி வரும்வரை அதைப் பற்றிப் பேசலாம். பாடம் நடத்துவது வகுப்பில்தான்.

2020 ஜூனில், ஊரடங்கில், வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது இது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டிவியைப் பார்த்து யாரும் சந்தேகம் கேட்க முடியாதே. 2021 ஜனவரி 19 அன்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தார்கள். அன்று சாயங்காலமே நிம்மதியாக மூடினேன். அது முதல் தடவை.

முதலில் எனக்குப் புரியாத ஒன்று, நேரம். ஆறு மணிக்குக் கேள்வி போட்டால் ஒன்பது வரை குழு மயானம் மாதிரி கிடக்கும். ஒருத்தருக்கும் ஆர்வமில்லை என்று நினைத்துக்கொண்டு வகுப்பில் திட்டியும் இருக்கிறேன். அப்புறம் ஒரு பையன் சொன்னான்: "மிஸ், எங்க வீட்ல ஒரே போன். அப்பா எடுத்துட்டுப் போயிடுவாரு. வந்து சாப்பிட்டுக் கைல குடுக்கறப்போ ஒன்பதேகால் ஆயிடும்." விசாரித்தால் பாதி வீடுகளில் அதே கதை. அம்மா ஷூ கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வரவேண்டும், அல்லது அண்ணன் குடியாத்தத்தில் தறி நிறுத்திவிட்டு வரவேண்டும். போன் வீட்டுக்கு வந்த பிறகுதான் வகுப்பு. ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தால் பதினொன்று, பதினொன்றரை வரை டிங், டிங், டிங்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்துவிட்டால் அது விட்டுப்போகும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது மழை விடுமுறை. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்களே, அந்த ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பிள்ளைகள் பாலத்தில் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் கேட்டான்: "இத்தனை வருஷம் தண்ணியே இல்லையே மிஸ், இப்ப வலை போட்டுப் பிடிக்கிறாங்களே, இந்த மீனெல்லாம் எங்க இருந்துச்சு?" நான் போட்ட கேள்வி செவுளைப் பற்றி. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போனதில் வந்த மீன் என்றான் ஒருத்தன். விரால் காற்றையும் சுவாசிக்கும், சேற்றுக்குள் ஈரம் இருந்தால் தாக்குப்பிடிக்கும் என்று எடுத்துப் போட்டாள் ஒருத்தி. அப்படியென்றால் விராலுக்குச் செவுள் எதற்கு என்று இன்னொருத்தன். கடைசியில் என் கேள்விக்கே வந்து சேர்ந்தார்கள், நான் ஒரு வரி எழுதாமல்.

அதைவிடப் பெரியது ஆட்டுக்குட்டி விவகாரம். கருப்பையில் அம்மாவின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலக்குமா என்று ஒரு வியாழக்கிழமை கேட்டிருந்தேன். வகுப்பில் கேட்டால் நாற்பது பேரும் "கலக்கும் மிஸ்" என்பார்கள், நான் "கலக்காது" என்பேன், படம் வரைவோம், மணி அடிக்கும். குழுவிலும் அப்படித்தான் போனது. சனிக்கிழமை ராத்திரி, எல்லோரும் மறந்துவிட்ட பிறகு, அணைக்கட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதினாள். இரண்டு வருடத்தில் வகுப்பில் ஒரு தடவைகூட எழுந்து நின்று பதில் சொல்லாத பெண். வருகைப் பதிவில் "உள்ளேன்" சொல்வதுகூடக் காதில் விழாது. அவள் வீட்டு ஆடு அன்று குட்டி போட்டிருக்கிறது. விழுந்த நஞ்சுக்கொடியைப் படம் பிடித்துப் போட்டு, "இதுல பட்டன் பட்டனா இருக்கே மிஸ், புஸ்தகத்துல தட்டு மாதிரி ஒண்ணுதான இருக்கு? மனுஷங்களுக்கு வேற மாதிரியா?" என்று கேட்டிருந்தாள்.

வேறு மாதிரிதான். ஆடு மாடுகளுக்குக் கருப்பைச் சுவரோடு பல இடங்களில் பொத்தான் வைத்த மாதிரி இணைப்பு, மனிதருக்கு ஒரே வட்டத் தட்டு. எம்.எஸ்சி.யில் படித்ததுதான். இத்தனை வருடத்தில் ஒரு வகுப்பிலும் நான் அதைச் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அதோடு விடவில்லை அவள். "குட்டி விழுந்ததும் சீம்பால் குடிக்கலைன்னா தேறாதுன்னு எங்க ஆயா சொல்லும், அது எதுக்கு?" இங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனிதக் குழந்தைக்கு அம்மாவின் நோய் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை நஞ்சுக்கொடி வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றை விடாது. குட்டிக்கு முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைத்தாக வேண்டும். நோய்த்தடுப்புப் பாடமும் இனப்பெருக்கப் பாடமும் புத்தகத்தில் எங்கெங்கோ இருக்கின்றன. ஒரு கிழவியின் சொல்லால் இரண்டும் அன்று ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தப் பேச்சு 61 செய்தி போனது. எண்ணிப் பார்த்தேன்.

பி.எட். படித்தபோது மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்று 1970களில் காட்டியவர். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அவரை மறந்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு மூன்று நொடி போதாது, இரண்டு நாள் வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் அதை நான் எங்கே போய் வாங்கிக்கொடுப்பது?

நல்லது சொல்லியாயிற்று. இனி வயிற்றெரிச்சல்.

சின்னச் சின்னவற்றை விட்டுவிடுகிறேன். நாற்பது கட்டைவிரல், "ஓகே மிஸ்", "நன்றி மிஸ்" இதெல்லாம் பழகிவிடும். வெங்காய வேர்நுனி ஸ்லைடைப் படம் எடுத்து அனுப்பினால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது ஊதா நிறக் கறை. அதற்கும் வகுப்பில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டு ஒட்டுகிறார்கள். அதற்கு மருந்து, அவர்கள் வீட்டு வாசலில் மட்டுமே பதில் கிடைக்கிற கேள்வி. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இந்த முள் யாருக்கு எதிராக? பறிக்கிற கையையும் குத்துகிறதே, பிறகு ஏன் அதையே விதைக்கிறோம்?" என்று கேட்டேன். தாத்தாக்களிடம் கேட்டு வந்து எழுதினார்கள். எழுத்துப் பிழையோடு வந்தது, அதனால் நம்பினேன்.

எனக்குத் தீராத எரிச்சல் இதுதான்: நான் தூங்கும்போதும் அது நடக்கிறது.

2022. மரபுக்கடத்தல் பாடம், ரத்த வகை. வீட்டில் தெரிந்தவர்களின் ரத்த வகையைப் போடுங்கள், யாருக்கு எது எப்படி வந்தது என்று கட்டம் போட்டுப் பார்ப்போம் என்று சாயங்காலம் எழுதிவிட்டேன். எத்தனையோ வருடம் வகுப்பில் கேட்ட கேள்விதான். அன்று தலைவலி, ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன். பத்து மணிக்கு மேல் ஒரு பையன் எழுதியிருக்கிறான்: அப்பா ஓ, அம்மா ஏ, நான் ஏபி.

கால் மணி நேரத்தில் இன்னொருத்தன் சுத்தமாகக் கட்டம் போட்டுக் காட்டிவிட்டான். ஓ வகை அப்பாவிடமிருந்து ஏ-யும் வராது, பி-யும் வராது, அதனால் ஏபி பிள்ளை பிறக்க முடியாது என்று. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, ஒரு தப்பில்லாமல் எழுதியிருந்தான். அடியில் மூன்று கேள்விக்குறி. அதற்குக் கீழே யாரோ ஒரு சிரிப்புப் பொம்மை.

வகுப்பாக இருந்திருந்தால் அந்தப் பையன் "ஓ" என்று சொன்ன உடனே என் முகம் மாறியிருக்கும், பேச்சை மாற்றியிருப்பேன், பத்து நொடி வேலை. இங்கே அது ராத்திரி பத்தேகாலிலிருந்து காலை ஐந்தேகால் வரை, நான் எழுந்து பார்க்கும்வரை, அப்படியே கிடந்தது. 27 பேர் பார்த்திருந்தார்கள். சிலர் வீட்டில் அது அப்பாவின் போன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒன்று நடந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள். 1952இல் மும்பையில் கண்டுபிடித்த பம்பாய் ரத்த வகை என்று ஒன்று உண்டாம். பி-க்கான மரபணு உள்ளே இருந்தாலும் சோதனையில் ஓ மாதிரியே காட்டுமாம், பிள்ளைக்கு மட்டும் பி போய்ச் சேருமாம். "அதனால முடியாதுன்னு சொல்லாத, தெரியாம பேசாத" என்று முடித்திருந்தாள். அறிவியலும் சரி, அந்த மனசும் சரி. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்தப் பையன் அதைப் படித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் நீக்கினேன். படித்தவர்கள் தலையிலிருந்து நீக்கும் பொத்தான் எந்தச் செயலியிலும் இல்லை. இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

முடிவு என்னவென்றால், அவன் அப்பா லாரி ஓட்டுநர். ரத்த வகை எங்கிருந்து தெரியும் என்று கேட்டதற்கு லைசென்ஸைக் காட்டியிருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் படிவம் நிரப்பிக்கொடுத்த ஆள் ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறார். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பி பாசிட்டிவ். ஏ அம்மா, பி அப்பா, ஏபி பிள்ளை. பையன் அந்தச் சீட்டைப் படம் பிடித்துத் தானே குழுவில் போட்டான். ரொம்ப நேரம் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் அதே பெண்தான் எழுதினாள்: "வண்டி ஓட்டுறவரு, லைசென்ஸ்ல தப்பா இருக்கக் கூடாது. போய் மாத்தச் சொல்லு."

அன்று ராத்திரி மூடினேன். அது இரண்டாவது தடவை. அடுத்த வருடப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத் திறக்க வைத்தார்கள். செய்முறைத் தேர்வு நேரத்தில் தூக்கம் கெட்டு மறுபடி மூடினேன், ஜூனில் மறுபடி திறந்தேன்.

மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டில் எழுத்துத் தேர்வில் விலங்கியலுக்கு 35. ஆட்டின் நஞ்சுக்கொடிக்கு அதில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் "இது சிலபஸ்ல இல்லையே மிஸ்" என்று நேராகவே சொல்கிறார்கள். 720இல் 360 உயிரியலுக்கு இருக்கும்போது அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை. எனக்கு இது சம்பளத்தில் சேராத ராத்திரி ட்யூட்டி. பத்தரைக்குப் பூட்டு போடுகிற வசதி வந்த பிறகு பூட்டிப் பார்த்தேன். ஒன்பதேகாலுக்குப் போன் கிடைக்கிற பிள்ளைக்குக் கேள்வியைப் படித்து யோசிக்கவே ஒரு மணி நேரம்தான் மிச்சம். ஒரே வாரத்தில் பேசுகிறவர்கள் மட்டும் பேசுகிற இடமாகிவிட்டது. பூட்டைத் திறந்துவிட்டேன். இப்போது தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்குகிறேன். என் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

அதனால் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த இடம், கைக்குழந்தை வேறு, உனக்கு எதற்கு இந்த வம்பு என்றேன். கேட்கமாட்டேன் என்றால் ரத்த வகை, நிறக்குருடு, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது போன்ற கேள்விகளை மட்டும் எழுத்தில் கேட்காதே, எதிரில் நிற்கவைத்துக் கேள் என்றேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள்.

"அப்ப நீங்க ஏன்க்கா இன்னும் மூடல?"

நாலாவது தடவை மூடும்போது கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வியாழக்கிழமைக்குக் கேள்வி இன்னும் யோசிக்கவில்லை.