என்.எஸ்.எஸ். எப்படி? இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பி.காம். முதல் வருடத்தில், மாணவர்கள் சமூக சேவை செய்யும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) பேர் கொடுத்தேன். வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இவற்றை முடித்தால் சான்றிதழ். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் இது. முகாம் செலவுக்கு அரசு நிதி உண்டு.

முகாம்தான் இதன் உயிர். ஓர் ஊராட்சிப் பள்ளியில் தங்கினோம். ஐம்பது பேர் சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. அரிசி எத்தனை கிலோ, காய்கறிக்கு எவ்வளவு, ரசீது தராத கடைக்காரரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று தினமும் ராத்திரி நோட்டோடு உட்கார்ந்தேன். வகுப்பில் மனப்பாடம் செய்த பற்று வரவு அங்கேதான் புரிந்தது. அப்புறம் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் கேட்டதும் இந்தக் கணக்கைப் பற்றித்தான். வேலை கிடைத்தது.

ஆனால் முகாம் பணம் எங்கள் கல்லூரிக்கு நேரத்துக்கு வரவில்லை. திட்ட அலுவலர் சார் மளிகைக்கடை பாக்கியைத் தன் கைக்காசில் கட்டினார். எனக்கு இன்றும் அது மனசைக் குடைகிறது. சான்றிதழும் படிப்பு முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. செய்த வேலைக்குத் தேதி போட்டு நீங்களே ஒரு டைரி வைத்துக்கொள்ளுங்கள், அன்றன்றைக்கே கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். தம்பி இந்த வருடம் காலேஜில் சேர்ந்திருக்கிறான், அவனையும் சேர்த்துவிட்டேன்.